ஓடக்காரியும் பூத்தொடுப்பவனும்

உசிலம்பட்டியைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பேரையூர் வட்டத்துக்குள் அமைந்திருக்கிறது எழுமலை. இந்தச் சீமையின் ஊரெல்லைகளில் மதுரை வீரனைப் பார்க்காமல் நெடுந்தூரம் போய்விட முடியாது. முறுக்கிய மீசை, ஓங்கிய வாள், ஒரு பக்கம் பொம்மி, மறுபக்கம் வெள்ளையம்மாள். பொம்மி நாயக்கர் வீட்டுப் பெண். வெள்ளையம்மாள் அரண்மனையில் ஆடியவள். வீரனோ சக்கிலியர் குடியில் வளர்ந்தவன். மூவரும் சேர்ந்து பொங்கலும் சேவலும் வாங்கிக்கொள்கிறார்கள். எந்த அளவுகோலால் அளந்தாலும் பொருந்தாத மூவர் அவர்கள்.

இதே ஊர்களின் பரண்களில் வேறொரு வகைக் காதலும் கிடந்தது. 'கல்கி'யிலும் 'குமுத'த்திலும் வாராவாரம் வந்த சரித்திரத் தொடர்களின் தாள்களைக் கிழித்து, வரிசைப்படுத்தி, கோணி ஊசியால் தைத்து, நாட்காட்டி அட்டையை மேலுறையாக ஒட்டிய கட்டுகள். வீட்டுக்கு வீடு கைமாறி, கடைசி அத்தியாயம் தொலைந்துபோய், முடிவை யாரோ வாயால் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறை ஒன்று உண்டு. அந்தக் கட்டுகளிலும் பொருந்தாதவர்கள் காதலித்தார்கள். வீரனைப் போல அவர்கள் மாறுகால் மாறுகை வாங்கப்படவில்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், சில சமயம் முடியும் சூடினார்கள். ஒரே ஊர்களில் புழங்கிய இவ்விரு வகைக் கதைகளுக்கும் முடிவு ஏன் இப்படி வேறுபடுகிறது என்பதே நம் கேள்வி.

பொருத்தம் பற்றிய கவலை நமக்கு நேற்று வந்ததன்று. தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டிய கூறுகள் பத்து என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் பட்டியல் போடுகிறது. பட்டியலின் தலையில் நிற்பவை பிறப்பும் குடிமையும். உருவம், வயது, அருள், உணர்வு எல்லாம் பின்னர் வருகின்றன, செல்வம் கடைசியில். களவியலில் ஒரு சலுகையும் தரப்படுகிறது: தலைவன் மிக்கவனாக இருந்தால் தடையில்லை. தலைவி மிக்கவளாக இருப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. பிற்காலத் தொடர்கதைகளில் அரசகுமாரன் ஓடக்காரியையோ நடனக்காரியையோ ஏறெடுத்துப் பார்ப்பதும், நாயக்கர் மகள் காவல்காரனைப் பார்த்தால் கதை கழுமரத்தை நோக்கிப் போவதும் இந்தச் சலுகையின் வழியேதான் என்று சொன்னால் மிகையாகாது. அடியவர்களுக்கும் ஏவல் செய்வோருக்கும் காதல் உண்டென்று இலக்கணம் ஒப்புக்கொள்கிறது, ஆனால் அன்பின் ஐந்திணைக்குள் அவர்களை விடுவதில்லை. கைக்கிளை, பெருந்திணை என்ற இரு திண்ணைகளில் உட்காரவைக்கிறது.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓர் இணையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கலித்தொகையின் மருதக்கலியை இயற்றியவர் மதுரை மருதனிளநாகனார். அதில் 94ஆம் பாட்டின் மாந்தர் அரண்மனைப் பணியாளர் இருவர், ஒரு கூனியும் ஒரு குறளனும். அவன் வழிமறிக்கிறான். அவள் அவன் குள்ளத்தைப் பழிக்கிறாள். அவன் அவள் கூனைப் பழிக்கிறான். ஏச்சு வளர்ந்து, தணிந்து, இருவரும் இசைகிறார்கள். அரண்மனைக்குள்ளேயே தழுவிக்கொண்டால் மற்றவர்கள் பேயும் பேயும் ஆடுவதாகச் சிரிப்பார்கள் என்று அஞ்சிச் சோலைப் பக்கம் ஒதுங்குகிறார்கள். இதைச் சிரிப்புப் பாட்டு என்று ஒதுக்குவது வழக்கம். சிரிக்கவைப்பதுதான், ஐயமில்லை. ஆயினும் இங்கே யாருடைய கூனும் நிமிரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறளன் சாபம் நீங்கி நெடியவனாக எழுவதில்லை. குறையோடேயே அவர்கள் ஒருவரையொருவர் ஏற்கிறார்கள்.

கல்கியின் நாவல்களில் இந்த ஏற்பு எவ்வளவு தூரம் நடக்கிறது? 1944 முதல் 1946 வரை வந்த 'சிவகாமியின் சபத'த்தில் சிற்பி ஆயனரின் மகள் பல்லவ இளவரசன் மாமல்லனைக் காதலிக்கிறாள். அவள் கலையின் உச்சத்தில் நிற்பவள், அவன் அரசின் உச்சத்துக்குப் போகிறவன். தந்தை மகேந்திரவர்மருக்கோ பாண்டிய நாட்டுச் சம்பந்தம் வேண்டியிருக்கிறது. வாதாபி எரிந்து, சபதம் நிறைவேறி, சிவகாமி காஞ்சிக்குத் திரும்பும்போது மாமல்லன் பாண்டிய இளவரசியின் கணவன், குழந்தைகளின் தகப்பன். அவள் ஏகாம்பரநாதரைக் கணவனாக வரித்துத் தாலி கட்டிக்கொள்கிறாள். கல்கி எழுதிய முடிவுகளிலேயே நேர்மையானது இதுவென்று நமக்குத் தோன்றுகிறது. அரச குடும்பம் நடனக்காரியை ஏற்காது என்பதை அவர் மறைக்கவில்லை.

ஆனால் வாசகர்கள் அந்த முடிவை எளிதில் செரித்திருக்கமாட்டார்கள். 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் கல்கி அதே சிக்கலை மறுபடி எடுத்து வேறு விதமாக அவிழ்க்கிறார். கோடிக்கரைப் படகோட்டி பூங்குழலிக்கு மனமெல்லாம் இளவரசர் அருள்மொழிவர்மர். தஞ்சையில் பூத்தொடுத்துக் கோயில் தொண்டு செய்யும் சேந்தன் அமுதனுக்கு மனமெல்லாம் பூங்குழலி. அவன் ஊமைத்தாய் வாணியின் மகன், அவளுக்கு அத்தை மகன். கடலில் தனியே படகு விடுகிறவள் பூக்குடலையோடு அலைகிறவனை ஏளனம் செய்வது இயல்பு. இங்கே பொருந்தாமை குலத்தில் இல்லை, குணத்தில் இருக்கிறது. அவள் புயல், அவன் அகல்விளக்கு. அவள் அவனிடம் வந்து சேரும் வழியைக் கல்கி ஐந்து பாகங்களில் மெல்ல மெல்லப் போடுகிறார். காதல் என்றால் வியப்பு மட்டுமே என்று நினைத்திருந்தவள், நம்பிக்கை என்றும் ஒன்று உண்டென்று கண்டுகொள்ளும் இடங்கள் அவை. வந்தியத்தேவன்–குந்தவைப் பேச்சுகளின் மினுமினுப்பு இவற்றில் இல்லை. திரும்பப் படிக்கும்போது இவைதான் நிற்கின்றன.

பிறகு ரகசியம் உடைகிறது. சேந்தன் அமுதன் வாணியின் மகனல்லன். கண்டராதித்த சோழருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்து, குழந்தையிலேயே இடம் மாறியவன். பூத்தொடுப்பவன் சோழ அரியணைக்கு உரியவனாகிவிடுகிறான். அருள்மொழி தனக்கு வந்த முடியை அவன் தலையில் வைக்கிறார். ஓடக்காரி அரசியாகிறாள்.

இந்த முடிவுக்குப் பின்னால் வரலாற்றுத் தேவை ஒன்று இருந்தது. சுந்தர சோழருக்குப் பின் அரியணை ஏறியவன் உத்தம சோழன், சுமார் 970 முதல் 985 வரை. பட்டத்துக்குரிய ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பின்பே அவனுக்கு அந்த வாய்ப்பு வந்தது. கொலைகாரர்களின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அது இராசராசனின் ஆட்சிக்காலத்துக் கல்வெட்டு. இடைப்பட்ட உத்தமனின் ஆட்சியில் அவர்கள் தண்டிக்கப்படாததைக் கொண்டு நீலகண்ட சாஸ்திரியார் உத்தமனின் மீதே ஐயம் கொண்டார். திருவாலங்காட்டுச் செப்பேடோ, சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அருள்மொழி முடியை விரும்பவில்லை என்று பாராட்டுகிறது. கொலைப்பழி சூழ்ந்த ஒருவனுக்கு உத்தமமான அருள்மொழி ஏன் அரசை விட்டுக்கொடுத்தார் என்ற முடிச்சு கல்கியின் முன் இருந்தது. பழுவேட்டரையர்களோடு கூடித் திரியும் மதுராந்தகன் ஒருவன், அரியணை ஏறும் உத்தமன் வேறொருவன் என்று ஆக்கினால் முடிச்சு அவிழும். உத்தமனுக்குக் கறையில்லாத ஓர் உடல் தேவைப்பட்டது. பூக்குடலையோடு ஒருவன் கிடைத்தான். ஆக, பூங்குழலியின் திருமணம் காதலுக்கு மட்டும் கல்கி தந்த பரிசன்று, கல்வெட்டுக்குத் தந்த விடையும் ஆகும். உத்தம சோழனின் தேவியர் பலரைக் கல்வெட்டுகள் அறியும். அவர்களிடையே ஓடக்காரி இல்லை.

கல்கிக்காக ஒன்று சொல்ல வேண்டும். தன் பிறப்பை அறிந்த பின்பும் சேந்தன் அமுதன் அரசை நாடவில்லை. பூங்குழலியும் கோயில் தொண்டும் போதும் என்கிறான். மாலை மாற்றிக்கொள்வது முடிசூட்டுக்கு முன்பே நடந்துவிடுகிறது. மேலே ஏற வழி திறந்தும் கீழேயே இருக்கத் துணிந்தவன் அவன். தொடர்கதை உலகில் அவனைப் போல் வேறொருவரைச் சுட்டுவது அரிது. மணிரத்னத்தின் படங்களில் (2022, 2023) இந்தப் பிறப்பு ரகசியம் எடுக்கப்பட்டுவிட்டது. முடி ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே போகிறது. ரகசியம் போனதும் பூத்தொடுப்பவனும் ஓடக்காரியும் கதையின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள்.

சாண்டில்யனிடம் இவ்வளவு தயக்கமெல்லாம் கிடையாது. 'கடல் புறா'வில் கருணாகரத் தொண்டைமான் அட்சயமுனைக் கோட்டையில் சந்திக்கும் மஞ்சளழகி, கோட்டைத் தலைவனின் வளர்ப்பு மகள். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவிக்கு அவள் எப்படி நிகராவாள்? அவளும் அரச குருதிதான் என்று தெரியவருகிறது, சிக்கல் தீர்கிறது, இருவரையும் மணக்கத் தடையில்லை. 'யவன ராணி'யில் கடல் கடந்தவளுக்கும் சோழப் படைத்தலைவனுக்கும் இடையிலுள்ள ஈர்ப்பைப் பக்கம் பக்கமாக வருணிக்கும்போதும், அவள் ராணி என்ற பெயர் முன்கூட்டியே வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. சாண்டில்யனின் கடற்போர்களை இன்றும் விரும்பிப் படிக்கலாம். காதலில் அவருக்கு வருணனை போதும்.

பிறப்பு ரகசியம் என்ற இந்தச் சாவி தொடர்கதைக்காரர்கள் செய்ததா என்றால், இல்லை. எல்லைச்சாமிகளின் கதைக்குத் திரும்பினால் அங்கும் அது தொங்குகிறது. மதுரை வீரன் காசி அரசனின் மகனாம். கொடி சுற்றிப் பிறந்த குழந்தை நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்டவனாம். சக்கிலியர் தம்பதியர் எடுத்து வளர்த்தார்களாம். 1956இல் வந்த 'மதுரை வீரன்' திரைப்படமும் இதையே எடுத்துக்கொண்டது. எம்.ஜி.ஆர். வீரன், பானுமதி பொம்மி, பத்மினி வெள்ளையம்மாள், வசனம் கண்ணதாசன். அதன் வெற்றி எம்.ஜி.ஆரை எளியவர்களின் நாயகனாக நிலைநிறுத்தியது. எளியவர்கள் கொண்டாடிய அந்த நாயகன் படத்துக்குள் அரச வாரிசு என்பது ஒரு விசித்திரம். வீரன் எங்கள் பிள்ளை, காசிக் கதை பிற்காலத்து ஒட்டு என்று அருந்ததியர் எழுத்தாளர்கள் வாதிட்டு வருவது காரணமில்லாமல் அன்று. பொம்மி விரும்பியது யாரை என்பதே அந்த ஒட்டினால் மாறிப்போகிறது. அவள் கீழ்க்குடிக்காரனை விரும்பிய துணிவுள்ளவளாக இல்லாமல், அறியாமலே அரசகுமாரனைத் தேர்ந்த அதிர்ஷ்டக்காரியாகிவிடுகிறாள்.

தொடர்கதையில் ரகசியம் உயிரைக் காக்கிறது. கதைப்பாடலில் அதுகூட நடப்பதில்லை. காசி அரசன் மகனென்றாலும் திருமலை நாயக்கரின் மதுரையில் வீரனின் கையும் காலும் வாங்கப்படுகின்றன. பாட்டு கட்டியவர்களுக்கு மேலே இருந்தவர்களின் கை தெரிந்திருந்தது. நடந்த முடிவை மாற்ற அவர்களுக்கு மனமில்லை. கேட்பவர்களில் சிலரின் மனம் கோணாதிருக்கத் தொடக்கத்தை மட்டும் யாரோ திருத்தினார்கள்.

கதையன்றி, வரலாற்றிலேயே பொருந்தாத இணை ஒன்றை மதுரை கண்டிருக்கிறது. கான்சாகிபு என்று மக்கள் அழைத்த யூசுப்கான் இராமநாதபுரச் சீமையின் பனையூர்க்காரர், பிறப்பால் இந்து, பின் இஸ்லாமியர். கும்பினியின் சிப்பாய்ப் படைத்தலைவராக உயர்ந்து மதுரையை ஆண்டவர். அவர் மணந்த மாசா, போர்த்துகீசியக் கலப்புக் குடியில் வந்த கிறிஸ்தவப் பெண். ஆர்க்காட்டு நவாபையும் கும்பினியையும் எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் முற்றுகையைத் தாங்கிய அவர், சொந்த ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். உடலைக் கூறுபோட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்பது வழக்கு. அடக்கமான இடம் மதுரைச் சம்மட்டிபுரம். வீரனுக்கும் கான்சாகிபுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் இடைவெளி இருந்தும், மக்கள் நினைவில் இருவரின் உடலும் ஒரே விதமாகத் துண்டாகியிருக்கிறது. ஹில் 1914இல் வெளியிட்ட வரலாற்று நூலிலும், நா. வானமாமலை 1972இல் பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை'யிலும் போர் நிறைய இருக்கிறது, மாசா குறைவாகவே இருக்கிறாள். மதமும் மொழியும் மாறிய இருவர் ஒரு கோட்டைக்குள் கைக்குழந்தையோடு முற்றுகையை எப்படிக் கழித்தார்கள் என்பது எந்தச் சரித்திரக் கதாசிரியருக்கும் வாய்க்கக்கூடிய உச்சமான பொருள். நாம் தைத்து வைத்துப் படித்த தொடர்களில் அவள் நாயகியாக வரவில்லை. அவளுக்கு அரச குருதி கற்பிக்க இடமில்லாதது காரணமாக இருக்கலாம்.

இவ்வளவு விரிவாகப் பேசுவதற்குக் காரணம், இவை வெறும் கதை விவகாரங்களாக இந்த மண்ணில் இன்னும் ஆகிவிடவில்லை. சாதி கடந்து மணப்பவர்களுக்குப் பாதுகாப்பளிக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்க வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஏப்ரலில் ஆணையிட்டது. அந்த வழக்கு எழுமலைக்கு அண்டையிலுள்ள உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்ணொருத்தியின் மரணத்திலிருந்து பிறந்தது. பூங்குழலிக்காகக் கண்கலங்கிய வீடுகளுக்கும் அந்த மரணத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. வாசிப்பு மனத்தை விரிவாக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். தொடர்கதைகளை வாசித்தவர்கள் பொருந்தாக் காதலை வாரக்கணக்கில் ரசித்தார்கள் என்பது உண்மை. கடைசி அத்தியாயத்தில் பிறப்பு சரிசெய்யப்படும் என்ற உறுதி இருந்ததால்தான் அப்படித் தடையின்றி ரசிக்க முடிந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. இதைக் கல்கியின் மேல் குற்றமாகச் சுமத்தவில்லை. இதழ் வாராவாரம் விற்றாக வேண்டும், கூட்டுக் குடும்பத்தின் நடுக்கூடத்தில் உரக்க வாசிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் சேந்தன் அமுதனைப் படைத்ததே பெரிது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) மதுரையின் அறுநூறாண்டைச் சொல்லும்போது அரண்மனையைவிட்டு இறங்கிக் கள்ளர் ஊருக்கு வந்தது இந்த வகை நாவலின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி. அங்கே காதலர்களுக்குக் காப்பாற்றும் ரகசியம் கிடையாது.

கடைசியாக ஒரு கதை. தெற்கே பொதிகை மலைச்சாரலில், பாபநாசத்துக்கு மேலே நடப்பது. முத்துப்பட்டன் வேதம் படித்த பிராமணன். காட்டில் பாட்டுக் குரல் கேட்டு மயங்கிப் போகிறான். பாடியவர்கள் வாலப்பகடை என்ற சக்கிலியரின் பெண்கள், பொம்மக்காவும் திம்மக்காவும். பெண் கேட்டுப் போனவனிடம் தகப்பன் நிபந்தனை வைக்கிறான். குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிய வேண்டும், எங்களைப் போலத் தோல் பதனிட்டுச் செருப்புத் தைக்க வேண்டும். முத்துப்பட்டன் செய்கிறான். தைத்த செருப்பைக் கொண்டுவந்து மாமனாரின் முன் வைக்கிறான். மணம் முடிந்த இரவிலேயே மாமனாரின் மாட்டுக் கிடையைக் கள்வர் மடக்க, அவர்களோடு பொருது இறக்கிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள்.

நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்ட கதைப்பாடல் இது. இதன் சில வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் மேல்குலத்தில் பிறந்து வாலப்பகடையிடம் வளர்ந்தவர்கள் என்று ஒரு முன்கதை சேர்ந்திருக்கிறது. அதே சாவி. ஆனால் இந்தப் பூட்டில் அது சுழல்வதில்லை. பெண்களை எவ்வளவு மேலே ஏற்றினாலும், முத்துப்பட்டன் கீழே இறங்கியதை அழிக்க முடியவில்லை. அவன் குடுமியை அறுத்தபோது அவர்களைச் சக்கிலியப் பெண்களென்றே அறிந்திருந்தான். தோலைக் கையில் எடுத்தவன் எடுத்தவன்தான்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான், இரு மனைவியரோடு. ஆடி அமாவாசைக்கு வண்டி கட்டி வரும் கூட்டம் அவனுக்குக் காணிக்கையாகத் தோல் செருப்பைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகிறது. கட்டிய செருப்பு அடுத்த ஆண்டு பார்க்கும்போது தேய்ந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இரவில் காட்டுக்குள் அதை மாட்டிக்கொண்டு நடப்பவன் அவன்தானாம்.